அஞ்சியோவில் அடைப்பில்லை, ஆனால் நெஞ்சு நோகிறது

கல்லடியில் இருக்கிற எங்கள் மாமிக்குப் படியேறினால் நெஞ்சை இறுக்கும். அஞ்சியோகிராம் செய்து, 'அடைப்பே இல்லை, வாயுவாக இருக்கும்' என்று அனுப்பிவிட்டார்கள். வாயுவாம்! அஞ்சியோவில் தெரிவது இதயத்தின் பெரிய இரத்தக் குழாய்கள்தான். அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த நுண்குழாய்கள் அதில் விழாது, ஆனால் இதயத் தசைக்குள் இரத்தத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அவைதான், அவை சரியாக விரியாவிட்டாலும் இதே நோ வரும், அதுவும் பெண்களுக்குத்தான் அதிகம்.

இதைப் பிடிக்க இதய எம்.ஆர்.ஐ. உதவும். கையில் அடினோசின் என்ற மருந்தை ஏற்றி நுண்குழாய்களை விரியவைத்து, படத்தில் பளிச்சென்று தெரிகிற கடோலினியம் மருந்தைச் செலுத்தி, அது தசையில் பரவுவதைத் துடிப்புக்குத் துடிப்பு படமெடுப்பார்கள். இரத்தம் போதாத இடம் கறுப்பாக நிற்கும், பெரும்பாலும் தசையின் உட்பக்கமாக. புதிய முறைகளில் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் இரத்தம் என்றே கணக்கு வரும். ஓய்வில் இருந்ததோடு ஒப்பிடலாம். அடினோசின் ஏறும்போது நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், நிறுத்தினால் சீக்கிரம் போய்விடும். கதிர்வீச்சு இல்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் முதலே சொல்லிவிட வேண்டும்.

மாமியின் கவலையோ வேறு. சோதனைக்கு முதல் நாளிலிருந்தே தேத்தண்ணி கூடாது, கஃபீன் அடினோசினின் வேலையைக் கெடுத்துவிடும். "பிளேன்ரீ கூடவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறா. ஓம் மாமி, கோப்பியும்தான்.