வாசலில் விழுந்த இளவேனில்

பெருக்கலாம் என்று துடைப்பத்தோடு வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

புங்க மரத்தடி முழுக்கப் பூ. வெள்ளையும் வெளிர் ஊதாவுமாக, தரையே தெரியவில்லை.

தாழ்வாகத் தொங்கிய ஒரு கொத்தை மெல்ல இழுத்துப் பார்த்தேன். பழுப்புச் சிவப்பில் ஒரு குட்டிக் கிண்ணம். அதற்குள்ளிருந்து இதழ்கள் எட்டிப் பார்க்கின்றன. அச்சு அசல் அவரைப் பூவின் சாயல்! இரண்டும் ஒரே குடும்பம்தானே. சுள்ளி கனத்துக்கூட இல்லாத காம்பில் இத்தனை பூக்கள். தலைக்கு மேலே தேனீக்களின் இரைச்சல் வேறு.

கொஞ்ச நாள் முன்பு இதே மரம் மொட்டையாக நின்றது. அப்புறம் மினுமினுவென்று தளிர். இப்போது இது.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தமிழில் ஒரு பெயர் உண்டு. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது கடைசி இரண்டும்தான். உதிர்ந்தால் 'வீ'. வாடிச் சிவந்தால் 'செம்மல்'. கீழே விழுந்த பிறகும் அதைக் குப்பை என்று சொல்ல யாருக்கோ மனசு வரவில்லை. தரையில் கிடக்கும் பூவுக்கு உட்கார்ந்து ஒரு பெயர் யோசித்திருக்கிறார்கள். அந்த மனசை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். வெயிலைப் பற்றி மட்டுமே பேசிப் பேசி, இந்தப் பெயரையே மறந்துவிட்டோம்.

சரி, இன்றைக்குப் பெருக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கால் படாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் உதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது.