சாத்தூர் அம்மாவும் செவ்வாய் மகளும்

வார இதழ் ஒன்றில் கதைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த அஞ்சலட்டைகளில் ஒன்றை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாங்கள் வெளியிட்ட ஓர் அறிவியல் கதையைப் பற்றியது. 'மகள் செவ்வாயில், தாய் சாத்தூரில். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்ததுபோல் பேசிக்கொள்கிறார்களே, எப்படி?' எழுதியவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.

பழி என்னைத்தான் சேரும். எழுதிய இளைஞருக்கு அது இரண்டாவது கதை. நான்கு பக்கத்தில் அடங்கவில்லை என்று விண்கல வர்ணனையை வெட்டித் தள்ளிய நான், அந்த உரையாடலில் கைவைக்கவில்லை. ப்ரூஃபை மூன்று முறை படித்தேன்; ஒற்றுப்பிழைதான் கண்ணில் பட்டது.

இத்தனைக்கும் இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 2014 செப்டம்பர் 24 அன்று, இங்கிருந்து ரேடியோ அலை அங்கே போய்ச் சேர 12 நிமிடத்துக்குச் சற்று மேல் பிடித்தது. கோள்களின் இருப்பைப் பொறுத்து அது 3 நிமிடமாகவும் குறையும், 22 நிமிடமாகவும் கூடும். அன்று எஞ்சின் எரிய வேண்டியது ஏறத்தாழ 24 நிமிடம். கோளாறு என்று சேதி வந்து, நாம் பதில் அனுப்பி, அது போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் கட்டளைகளைப் பத்து நாட்கள் முன்பே கலத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்த இளைஞரிடம் அட்டையைக் காட்டினேன். முகம் வாடிவிட்டது. "பேச்சை எடுத்துவிட்டால் கதையே இல்லையே சார்?"

அவர் கதையில் தாய் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்துகிறவர். மகளின் கூடத்தில் காற்றைச் சுத்திகரிக்கும் கருவி நின்றுவிடுகிறது. தாய் ஒவ்வொன்றாகச் சொல்ல, மகள் பழுது பார்க்கிறாள். தடையே இல்லாததால் திருப்பமும் இல்லை. எனக்கு அப்போது வேதாளம்தான் நினைவுக்கு வந்தது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தனின் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். இரண்டே விதிகள், ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை. அதை வைத்துக்கொண்டு எத்தனை இரவுகளை ஓட்டிவிட்டார்கள்! மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்கிறது என்பதும் அப்படித்தான். அவன் என்னவெல்லாம் செய்வான் என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எங்கே தோற்பான் என்பதுதான் கதை.

எங்களுக்கு வந்த மாயாஜாலக் கதைகளில் பாதி இதற்கு நேர்மாறாக இருக்கும். முதல் பக்கத்தில் கி.பி. 3020, இரண்டாம் பக்கத்தில் ஏழு ராஜ்ஜியங்களின் வம்சாவளி, மூன்றாம் பக்கத்தில் எதையும் செய்யவல்ல வாள். எதையும் செய்யவல்ல வாள் கிடைத்த பிறகு நாயகனுக்கு என்ன வேலை? அவற்றைத் திருப்பி அனுப்ப எனக்கு இரண்டு நிமிடம் போதும்.

இளைஞரிடம் சொன்னது ஒன்றுதான்: அந்த 12 நிமிடத்தை மறைக்காதீர்கள், அதன் மேலேயே கதையைக் கட்டுங்கள். தொகுப்புக்காகத் திருத்தி எழுதியபோது என்னையும் தாண்டிப் போய்விட்டார். புதிய வடிவில், மகளின் கேள்வி சாத்தூருக்கு வரும்போது அது பழைய கேள்வி. அதற்குள் அவள் எந்தத் திருகைக் கழற்றியிருப்பாள், எங்கே தப்புச் செய்திருப்பாள் என்று ஊகித்து, அவள் இன்னும் கேட்காத கேள்விக்குத் தாய் பதில் அனுப்புகிறாள். சிறுவயதிலிருந்தே அவசரக்காரியான மகளின் கையை அறிந்தவள் அவள் ஒருத்திதான். முதல் வடிவில் வெறும் பட்டறை அறிவாக இருந்தது, இதில் தாயாக மாறியிருந்தது. பதிலை அனுப்பிய கையோடு அவள் உலையில் அரிசி போடுகிறாள். சோற்றை வடிக்கும் வேளையில் மகளின் குரல் வருகிறது.

அந்தப் பிரதியை அந்த இயற்பியல் ஆசிரியருக்கே அனுப்பிவைத்தேன். பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. 'நேரக் கணக்கு சரி. ஆனால் பச்சரிசி என்றால் அதற்குள் குழைந்துவிடும். புழுங்கலரிசி என்று போடச் சொல்லவும்.'