அரும்பாக்கம் மனைங்களும் என் க்ளாஸும்

நகர திட்டமிடல் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆயாச்சு, பழைய பசங்க எங்க பாத்தாலும் முதல்ல கேக்கறது "சார், இன்னும் அரும்பாக்கம் போறீங்களா?"ன்னுதான். எம்.ப்ளான், அதாவது நகர திட்டமிடல் மேற்படிப்பு, அதுல எல்லா பேட்ச்சையும் சென்னையில இருக்கற அந்த ஏரியாவுல நடக்க விட்டிருக்கேன்ல.

எந்த நிலத்துல என்ன வரணும்னு சொல்ற சென்னையோட 1975 மாஸ்டர் ப்ளான், அப்புறம் 2008ல வந்தது, ரெண்டையும் ஸ்டூடியோல விரிச்சு வச்சு பாடம் எடுத்திருக்கேன், அது கண்டிப்பா வேணும், ஆனா மேப்ல கலர் அடிச்சாலே அங்க குடியிருப்பு வந்துடும்னு பசங்க நம்பிடறாங்க, அதனாலதான் வெளிய கூட்டிட்டுப் போவேன். 1977ல உலக வங்கி கடன்ல ஆரம்பிச்சது சைட்ஸ் அண்ட் சர்வீசஸ் திட்டம், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர்னு. முழு வீடா கட்டித் தரல. ரோடு, தண்ணி, சாக்கடை, கரண்ட் போட்டு, ஏழைங்களுக்கு சின்னச் சின்ன மனை, அதுல ஒரு டாய்லெட், மிச்சத்த கையில காசு சேரச் சேர நீங்களே கட்டிக்கோங்கன்னு விட்டாங்க. அதே லேஅவுட்ல பெரிய மனையும் உண்டு, அத நல்ல விலைக்கு வித்து சின்ன மனை விலைய குறைச்சாங்க. ரொம்ப நல்ல யோசனை அது.

ஒரு வீட்ல அந்தம்மா உள்ள விட்டாங்க, பசங்க டேப் வச்சு அளந்தாங்க. முன்ரூம் பழைய செங்கல் சுவர், பின்னாடி சேத்த ரூமுக்கு வேற சைஸ் கல்லு, மாடி கான்க்ரீட், அதுக்கும் மேல ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். "எல்லாம் சீட்டு எடுத்து எடுத்து கட்டுனது தம்பி, மாடி மட்டும் பெரியவன் வேலைக்குப் போனப்புறம் போட்டோம்"னாங்க. பசங்க எழுதறத நிறுத்திட்டு சுவரையே பாத்துட்டு நின்னாங்க.

2000க்கு அப்புறம் ஊருக்கு வெளிய கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஏழைங்களுக்கு கட்டி முடிச்ச ஃப்ளாட்டா குடுக்க ஆரம்பிச்சோம், வேலை செஞ்ச இடம் ஒரு மூலை, வீடு ஒரு மூலை, பையனுக்கு கல்யாணம் ஆனா ஒரு ரூம் கூட எடுத்துக் கட்ட முடியாது. மனை குடுக்க நகரத்துக்குள்ள நிலம் எங்க இருக்குன்னு சில பேர் கேப்பாங்க. அரும்பாக்கமும் அன்னிக்கு ஊர் ஓரம்தான், ஆனா ஊர் அது பக்கமா வளந்து வந்துச்சு, நடுத்தர வர்க்கமும் அதே தெருவுல குடியிருந்துச்சு, அதனால பஸ்ஸும் கடையும் சீக்கிரம் வந்துச்சு.

இப்ப மூணாவது மாஸ்டர் ப்ளான் வேலை நடக்குது. அந்த வேலையில இருக்கற என் பசங்க போன் பண்ணா நான் கேக்கறது, ஒவ்வொரு புது லேஅவுட்லயும் சின்ன மனைக்கு எடம் வச்சிருக்கீங்களா, எத்தன சதவீதம்?