சவ்வரிசியும் சாகா விதையும்

ஜூலை 6, 2024, சனி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இன்றும் மழை. பொது மண்டபமான பாலாய் ராயாவின் தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. 11 பிள்ளைகள் வந்திருந்தார்கள். கோவலன் கொலைக்கு நீதி கேட்டுக் கண்ணகி பாண்டியனிடம் வழக்காடும், சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு நாடகமாகப் போடலாம் என்றேன். கதையைக்கூட யாரும் கேட்கவில்லை.

"அக்கா, கிரீடம் யார் வாங்குறது?"

கையில் இருப்பது 40 வெள்ளி (ரிங்கிட்). கிரீடம் இல்லை, சிம்மாசனம் இல்லை, மைக்கும் இல்லை என்றதும் முகங்கள் தொங்கிவிட்டன. தோட்டத்தில் ராஜபார்ட் போட்ட தாத்தா ஒருவர் எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கிறார். விஷயத்தைக் கேள்விப்பட்டு, "கிரீடம் இல்லாம எவன் ராஜா, எவன் சேவகன்னு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஜூலை 13, சனி

மேடை அளந்தோம். இதற்கு நான் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலேயே கணக்கு இருக்கிறது: 24 விரல் ஒரு கோல், 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். யாருடைய விரல் என்பதில் சண்டை வந்தது. கடைசியில் தாத்தாவைக் கூப்பிட்டோம். முப்பது வருஷம் உளி பிடித்த கட்டைவிரல். 24 தடவை வைத்து, பழைய துடைப்பக் கட்டையில் கோடு போட்டோம். கோல் 55 சென்டிமீட்டர் வந்தது. அந்தக் கணக்கில் மேடை 3.85 மீட்டருக்கு 4.40 மீட்டர். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தோம். உயரத்தை மட்டும் விட்டுவிட்டோம். பலகைக்குக் காசு இல்லை.

சிலப்பதிகாரத்தில் மூன்று விதத் திரை உண்டு: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. எங்களிடம் இருப்பது ஒரு கைலி. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொள்ள, ஆள் பின்னால் வந்து நிற்கிறார். தெருக்கூத்திலும் திரையைக் கையில்தானே பிடிக்கிறார்கள்!

ஜூலை 20, சனி

இன்று முழுவதும் சிலம்புதான். கண்ணகியின் சிலம்புக்குள் மாணிக்கம், பாண்டிமாதேவியின் சிலம்புக்குள் முத்து. வழக்கே இதில்தான் நிற்கிறது. சரி, இரண்டு மைலோ டின். ஒன்றில் சவ்வரிசி. இன்னொன்றில் என்ன போடுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, ஆண்டு ஐந்தில் படிக்கும் பெண் பிள்ளை வெளியே ஓடி, சாலையோர சாகா (மஞ்சாடி) மரத்தடியிலிருந்து ஒரு கை நிறைய விதை பொறுக்கி வந்தாள். இரத்தச் சிவப்பு. மாணிக்கம் தோற்றது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். சவ்வரிசி சரசர என்றது, சாகா விதை கலகல என்றது. பார்க்கிற பிள்ளைகளுக்குத் தீர்ப்பு முதலில் காதில் விழட்டும். அரசனுக்கு அப்புறம் தெரிந்தால் போதும்.

'தேரா மன்னா' என்றால் ஆராய்ந்து பார்க்காத மன்னன் என்று விளக்கினேன். ஒரு பையன் உடனே, "விசாரிக்காமலே ரோத்தான் பிரம்பு எடுக்கிற சார் மாதிரிலா" என்றான். எந்த சார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வரியை அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மதுரை எரிந்தது ஆடி மாதத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை என்று கட்டுரை காதையில் வருகிறது. "நம்ம மாரியம்மன் கோயில் திருவிழா மாசமா?" என்று வாயைப் பிளந்தார்கள்.

ஜூலை 27, சனி

ஒத்திகையில் ஒரு விபத்து. கண்ணகி டின்னைத் தரையில் ஓங்கி அடித்தாள். மூடி பறந்து, ஒரு விதை நேராகப் போய் அரசனின் உதட்டில் பட்டது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான், வசனம் மறந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நான் புத்தகத்தை எடுத்து அவனுக்கே காட்டினேன்: 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.'

அவன் இரண்டு முறை படித்தான். "அப்போ நான் பண்ணது சரிதானே?"

நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தினமும் உதட்டில் அடிக்க முடியாது. தூரத்தைக் கூட்டினோம்.

ஆகஸ்ட் 3, சனி

நாடகம். மழைக்குப் பயந்து காலை பத்து மணிக்கே வைத்தோம். சின்னப் பிள்ளைகள் நாற்பது பேருக்குமேல் சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றி மூன்று பக்கமும் உட்கார்ந்தார்கள். கோட்டை ஒருவரும் மிதிக்கவில்லை. நாங்கள் சொல்லவே இல்லை.

அரசன் பள்ளிச் சட்டையில்தான் வந்தான். கைலி இறங்கியதும் மற்றவர்கள் தலைகுனிந்தார்கள், அவன் மட்டும் நிமிர்ந்து நின்றான். தாத்தாவின் கேள்விக்குப் பதில் அங்கே நின்றது. தேவியின் டின் குலுங்கியது. கண்ணகி கையில் எடுத்த டின் குலுங்கியதும் முன்வரிசைப் பொடியன் ஒருவன், "அது வேற சத்தம்!" என்று கத்திவிட்டான். கண்ணகி அவனைத் திரும்பிப் பார்த்தாள். இது ஒத்திகையில் இல்லாதது. அப்புறம்தான் உடைத்தாள். 'யானோ அரசன் யானே கள்வன்' என்று அவன் சரிந்தபோது உருளும் விதைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

தாத்தா கடைசிவரை இருந்தார். "பையன் நல்லா விழுந்தான். அடுத்த தடவை அட்டையிலாவது ஒரு கிரீடம் பண்ணிக் கொடு" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கூட்டிப் பெருக்கப் போனேன். சுண்ணாம்புக் கோட்டுக்குள் நேற்றைய பொடியன்கள் நான்கு பேர், கையில் காலி மைலோ டின். யார் கண்ணகி என்று சண்டை. சாகா விதைகளை எண்ணிப் பார்த்தேன், பாதிக்குமேல் காணோம். கேட்டால் ஒருவனும் சட்டைப்பையைக் காட்ட மாட்டேன் என்கிறான்.