அம்மாவுக்கு ஒரு சந்தை போதும்

கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஜெர்மனி போகிறோம் என்று சொன்னதுமே சித்தி மகன் ஒரு பட்டியல் அனுப்பிவிட்டான். டிரெஸ்டன், கொலோன், ஸ்ட்ராஸ்பர்க், வியன்னா, நியூரம்பர்க், எல்லாம் ஒரே வாரத்தில். ஆசையாகத்தான் அனுப்பினான். டிரெஸ்டன் சந்தை 1434-இல் தொடங்கியது, அதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கூட வருவது அம்மா. எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி வேறு. தினம் ஒரு ரயில், தினம் ஒரு ஓட்டல் என்று அலைந்தால் அவருக்கு ரயில் ஜன்னல்தான் நினைவில் நிற்கும். அதனால் நியூரம்பர்க்கை மட்டும் வைத்துக்கொண்டேன். மகள் பக்கத்து ஊரான எர்லாங்கனில்தான் இருக்கிறாள். அவள் வீட்டிலிருந்தே போய்வரலாம்.

எனக்கு அந்த ஊர்மேல் தனி ஆசையும் உண்டு. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு இருப்பது சின்னத் தோட்டம். கீழே காப்பிச் செடி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி. அந்தக் காலத்தில் மலபார்க் கரையில் கப்பலேறிய மிளகு வெனிஸ் போய், ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நியூரம்பர்க் வியாபாரிகளிடம் சேர்ந்திருக்கிறது. பட்டை, கிராம்பு, ஏலக்காய்க்கும் அதே வழிதான். ஊரைச் சுற்றியிருந்த காட்டில் தேன் கிடைத்தது. தேனும் மசாலாவும் சேர்ந்துதான் லெப்கூகன் என்ற அவர்களுடைய மசாலா கேக் உருவானது. அதில் எலீசன் என்ற உயர்ந்த வகைக்குக் கட்டாயம் கால் பங்காவது பாதாம், வால்நட் மாதிரி பருப்பு இருக்கவேண்டும்; மாவு நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடாது. மிளகு காயவைக்கிற எனக்கு, அந்தக் கடைமுன் நின்று ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுப் பார்க்கவேண்டும். இந்தப் பயணத்தில் நான் எனக்காக வைத்திருக்கும் ஆசை அதுதான்.

தேதி முடிவு செய்வதில்தான் சிரமம். சந்தை, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு அடங்கிய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை தொடங்கி டிசம்பர் 24-இல் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் போனால் ஒன்றும் இருக்காது, இது பலருக்குத் தெரிவதில்லை. 2026-இல் தொடக்க நாள் நவம்பர் 27. எங்களுக்கோ டிசம்பரில் பழம் பறிப்பு சூடு பிடித்துவிடும். களத்தில் காயும் காப்பியை விட்டுவிட்டு நான் எங்கேயும் போக முடியாது. எனவே நவம்பர் கடைசியில் கிளம்பி டிசம்பர் 8-க்குள் திரும்பிவிடவேண்டும்.

தொடக்க நாள் மாலை ஐந்தரை மணிக்கு ஃப்ராவன்கிர்ஷே மாதா கோயில் மாடத்தில் பொன்னிற உடையில் ஒரு பெண் வந்து நின்று சந்தையைத் தொடங்கி வைப்பாள். அவளுக்குப் பெயர் கிறிஸ்ட்கிண்ட். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உயரத்தில் நின்றால் தலை சுற்றக்கூடாது என்பதும் ஒரு விதி. 2019-இல் தேர்வானவர் பெனிக்னா முன்சி, இந்திய அப்பாவின் மகள். அவர் நிறத்தைக் குறித்து ஒரு கட்சிக் கிளை கேவலமாக எழுதியபோது ஊரே அந்தப் பெண் பக்கம் நின்றது. படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இருந்தாலும் தொடக்க நாள் கூட்டத்துக்குள் அம்மாவை அழைத்துப் போகமாட்டேன். சனி, ஞாயிறும் வேண்டாம். திங்கள், செவ்வாய் போவோம். கிறிஸ்ட்கிண்ட் வாரநாட்களில் சந்தைக்கு வந்து குழந்தைகளைப் பார்ப்பதும் உண்டாம். அம்மாவுக்கு அது போதும்.

"ஏங்கண்ணு, அந்தக் குளிர்ல நான் நிப்பனா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஏற்காட்டு மார்கழிப் பனியில் வளர்ந்தவர்தான், ஆனால் அங்கே பூஜ்யத்தை ஒட்டிய குளிர். கல்தரைக் குளிர் காலில் ஏறும் என்கிறாள் மகள். அதனால் கனத்த அடிப்பாகம் உள்ள ஷூவும் கம்பளிச் சாக்ஸும்தான் முதல் செலவு. சேலைக்குள் தெர்மல் போட்டுக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். விளக்கு வெளிச்சத்தில் பார்க்கத்தான் சந்தை அழகு, அதற்காக இரவுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

நாள் கணக்கு இப்படி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் கடிகாரம்: ஏழு இளவரசர் பொம்மைகள் சக்கரவர்த்தியைச் சுற்றி வரும், 1509-லிருந்து இருக்கும் கடிகாரம். பிறகு கோயிலுக்குள் உட்கார்ந்து ஜெபம், ஓய்வு. அந்தச் சதுக்கத்தில் முன்பு யூதர்கள் குடியிருந்தார்கள். 1349-இல் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று, குடியிருப்பை இடித்துத்தான் சந்தைத் திடலையும் கோயிலையும் உண்டாக்கினார்கள். அது தெரிந்த பிறகு, அவர்களுக்காகவும் ஜெபிக்காமல் எழுந்துவர எங்களால் முடியாது. சாயங்காலம் கடைகள். விரல் நீளச் சாசேஜ் மூன்றை ஒரு பன்னில் வைத்துத் தருவார்கள். சேலத்தில் தட்டுவடை செட் சாப்பிடுவது மாதிரி நின்றபடியே சாப்பிடலாம். அம்மாவுக்கு மது இல்லாத சூடான பழரசம். கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். அம்மா கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறாராம். குடில் பொம்மைக் கடைகளில்தான் அவர் வெகுநேரம் நிற்பார். எங்கள் குடிலுக்கு ஓர் இடையர் வேண்டும், அவசரப்படுத்தமாட்டேன்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட், அங்கிருந்து ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள். ஜெர்மனி உட்பட ஒரே விசாவில் போய்வரும் ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்லவேண்டும். அம்மாவுடையது 2027 பிப்ரவரியில் முடிகிறது. ஆகவே முதல் வேலை சேலத்தில் இறங்கி அதைப் புதுப்பிப்பது. டிக்கெட் எல்லாம் அப்புறம்தான்.