இளைஞர்கள் சோம்பேறிகளா? டாஸ்க் 2-இல் இந்தத் தலைப்பு வந்தால்

ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. ரைட்டிங்கில் 9-க்கு 7.5. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. லிசனிங், ரீடிங் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. ரைட்டிங்கின் டாஸ்க் 2-இல், அதாவது கட்டுரைக் கேள்வியில், எனக்கு வாய்த்த தலைப்பைப் பற்றி மட்டும், சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கேள்வியின் வாசகத்தை அப்படியே தரவில்லை. கரு இதுதான்: இன்றைய இளைஞர்கள் முந்தைய தலைமுறையினரைவிடச் சோம்பேறிகள் என்கிறார்கள் சிலர், இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?

படித்ததும் நிம்மதியாகத்தான் இருக்கும். தெரிந்த விஷயம். அதனாலேயே கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒரு பத்தியில் மொபைல், சமூக ஊடகம், வீடியோ கேம். அடுத்த பத்தியில் போட்டி அதிகம், பாடச்சுமை அதிகம், தொழில்நுட்பத்தால் வேலை வேகமாக முடிகிறது. முடிவில் ‘இரு பக்கமும் நியாயம் உண்டு’. அறையில் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் இதைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். இலக்கணம் சுத்தமாக இருந்தாலும் டாஸ்க் ரெஸ்பான்ஸில் (கேட்ட கேள்விக்கு எந்த அளவுக்குப் பதில் சொல்கிறோம் என்பதற்கான மதிப்பெண்) இது மேலே ஏறாது என்பது என் உறுதியான எண்ணம். கேள்வி கேட்பது ஒப்பீட்டை. இந்தப் பதிலில் இன்றைய இளைஞர் மட்டும்தான் இருக்கிறார். முந்தைய தலைமுறை எங்கேயும் இல்லை.

சரி, எனக்குக் கைகொடுத்தது என்ன? கேள்வித்தாளின் ஓரத்தில் முதலில் ஒரு வரி குறித்துக்கொண்டேன்: ‘எந்த வயதை எந்த வயதோடு?’ என்னைக் கேட்டால், இந்தத் தலைப்புக்கு மற்ற எல்லாத் தயாரிப்பும் இதற்குப் பிறகுதான்.

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருபது வயதுப் பையனைப் பார்த்துச் சோம்பேறி என்கிறார். அவர் யாரை யாரோடு ஒப்பிடுகிறார்? பெரும்பாலும் இன்றைய தன்னோடு. கடன், குடும்பம், பொறுப்பு எல்லாம் ஏறி, காலையில் அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடுகிற தன்னோடு. அந்தப் பையனும் ஐம்பதில் அப்படித்தான் எழுந்திருக்கப் போகிறான். இது வயதால் வரும் வேறுபாடு. ஆளுமை பற்றிய நீண்டகால ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன: ஒழுங்கு, பொறுப்பு, எடுத்த வேலையை முடிக்கும் குணம் எல்லாம் இருபதுகளிலிருந்து நடுத்தர வயது வரை சராசரியாகக் கூடிக்கொண்டே போகின்றன. எந்தக் காலத்திலும் ஓர் இருபது வயதுக்காரர் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் மந்தமாகத்தான் தெரிந்திருப்பார்.

இரண்டாவது, காலத்தால் வரும் வேறுபாடு. வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்தால் பாட்டி, பேத்தி இருவருமே கையால் துவைப்பதை நிறுத்துகிறார்கள். பேத்தி மட்டும் எப்படிச் சோம்பேறி ஆவாள்?

மூன்றாவதுதான் தலைமுறை. ஒரு காலகட்டத்தில் பிறந்தவர்கள் எந்த வயதிலும் கூடவே சுமந்துபோகும் குணம் என்று ஏதாவது இருந்தால், அது. கேள்வி கேட்பது இந்த மூன்றாவதை மட்டும். ஆனால் பிறந்த ஆண்டும் வயதும் தெரிந்தால் எந்த ஆண்டில் அளக்கிறோம் என்பது தானாகத் தெரிந்துவிடும் என்பதால், மூன்றில் ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து அளப்பது சமூக அறிவியலில் பெரிய சிக்கல். 2020-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, தலைமுறைப் பெயர்களை வைத்துப் பணியாளர்களைப் பிரித்து முடிவெடுக்க ஆய்வுகளில் ஆதாரம் போதாது என்றே சொன்னது. உழைப்பைப் பற்றிய மனப்பான்மையை மட்டும் எடுத்துக்கொண்டு, பல அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்றிலும் தலைமுறைகளுக்கிடையே வேறுபாடு தென்படவில்லை.

நான் மெதுவாக யோசிக்கிற ஆள். கேள்வியை உடைத்துப் பார்க்காமல் எனக்கு ஒரு வாக்கியமும் வராது. பேனாவை எடுத்ததும் எழுத வருகிறவர்களுக்கு இது இழுவையாகத் தோன்றலாம். இருந்தாலும் இந்தத் தலைப்புக்கு மட்டும் என் வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்திகள் தானாகப் பிரிந்து வரும்.

நாற்பது நிமிடத்தை நான் வைத்துக்கொண்ட விதம்:

- முதல் ஏழெட்டு நிமிடம் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. மேலே சொன்ன மூன்றையும் பிரித்தேன், நிலைப்பாட்டை ஒரே வரியில் எழுதினேன்.
- நிலைப்பாடு: பெரிதும் மறுக்கிறேன், ஒரே ஒரு விஷயத்தில் ஏற்கிறேன். முன்னுரையிலேயே இது வந்துவிட்டது. ‘இக்கட்டுரை இரு பக்கங்களையும் ஆராயும்’ வகையான வாக்கியம் கிடையாது.
- முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே வரும் உடல் பத்தி இரண்டே இரண்டு. மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் எதுவுமே விரிவாக வராது.
- கடைசி ஐந்து நிமிடம் திருத்தத்துக்கு. அதில் பாதி ஆர்ட்டிகிள் பிழைகளுக்கே போய்விட்டது.

ரைட்டிங்கின் முதல் கேள்வியான டாஸ்க் 1-ஐவிட டாஸ்க் 2-க்கு இரட்டிப்பு மதிப்பு என்பது தெரிந்ததுதான். அதனால் இதைத்தான் முதலில் எழுதினேன்.

தயாராகிக்கொண்டிருந்த மாதங்களில் இதே பேச்சை வீட்டிலேயே கேட்டேன். வேலையை விட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்த நேரம். “உன் வயசுல நான் ரெண்டு வேலை பார்த்தேன்டா. நீ என்னடான்னா நாள் முழுக்க ஸ்கிரீனையே பார்த்துட்டு உக்காந்திருக்கே” என்பார் பெரியப்பா. அவர் இரண்டு வேலை பார்த்தது உண்மை. அதை நான் என்றைக்கும் மறுக்க மாட்டேன். அந்த ஸ்கிரீனில் நான் என் மாதிரிக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. உடம்பு வளைந்து செய்தால்தான் வேலை என்று பார்த்துப் பழகிய கண் அது. வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வறையில் என் முதல் உடல் பத்தியை அவருக்குச் சொல்லும் பதிலாக நினைத்து, மரியாதை குறையாமல் எழுதினேன். தேர்வாளர் என்ற முகம் தெரியாத ஆளுக்கு எழுதுவதைவிட, நம்மோடு உடன்படாத, நாம் மதிக்கிற ஒருவருக்கு எழுதினால் வாதம் நேராக வருகிறது. குரலும் தணிந்தே இருக்கும்.

அந்தப் பத்தியின் சாரம் வேலை நேரம்தான். 1870 வாக்கில் ஜெர்மனியில் ஒரு தொழிலாளி ஆண்டுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார். இன்று அங்கே சராசரி 1,400 மணி நேரத்துக்கும் கீழே. எட்டு மணி நேர வேலைநாள், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகவே கொண்டுவந்தது. 1930-இல் பொருளியலாளர் கெய்ன்ஸ், நூறாண்டுகளில் வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதும் என்றாகிவிடும் என்று கணித்தார். அந்த அளவுக்குக் குறையவில்லை, ஆனால் திசை அதுதான். குறைவான நேரம் உழைப்பது சோம்பல் என்றால், அதற்காகப் போராடிய கொள்ளுத்தாத்தாக்களைத்தான் முதலில் சோம்பேறிகள் என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர்களை யாராவது அப்படிச் சொல்வோமா? பிள்ளைகளாவது கொஞ்சம் ஓய்வோடு இருக்கட்டும் என்றுதான் அவர்கள் அதைக் கேட்டு வாங்கினார்கள்.

இன்னொன்று, 18 வயதில் வேலைக்குப் போகாதவர்கள். அன்று அந்த வயதில் பலர் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று அதே வயதில் பலர் வகுப்பில் இருக்கிறார்கள். வருமானம் தள்ளிப்போயிருக்கிறது என்பது மட்டுமே இதிலிருந்து தெரியும்.

இந்த இடத்தில் எனக்குக் கோபமும் வந்தது, அதைக் கட்டுரையிலும் கொஞ்சம் விட்டேன். 2023 கணக்குப்படி உலகில் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் வேலையிலும் இல்லை, படிப்பிலும் இல்லை, பயிற்சியிலும் இல்லை. சோம்பலுக்குச் சான்றாக இந்த எண்ணைப் பலர் தூக்கிக் காட்டுகிறார்கள். ஆனால் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். சமைத்து, தம்பி தங்கைகளைப் பார்த்து, படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு மருந்து கொடுத்துவிட்டு உட்காரக்கூட நேரமில்லாத ஒரு பெண்ணும் இந்தக் கணக்கில் ‘எதிலும் இல்லாதவர்’தான். ‘வீட்ல சும்மாதான் இருக்கா’ என்று நாம் சொல்வதும் இதே கணக்குத்தான். இதை நான் ஒரே வாக்கியத்தில் எழுதினேன். என் கட்டுரையில் நான் எழுதியதற்காக மகிழ்கிற வாக்கியம் அதுதான்.

இரண்டாவது பத்தியில் எதிர்த்தரப்பு. இதில் கஞ்சத்தனம் கூடாது. உடலியக்கம் என்று வந்தால் கவலைப்பட நிறையவே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 தரவில், 11 முதல் 17 வயது வரையிலானவர்களில் 81 சதவீதம் பேருக்கு நாளுக்கு ஒரு மணி நேர உடலியக்கம் இல்லை. நான் ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் இதுதான். ஆனால் கவனம்: பெரியவர்களில் அந்தக் குறைபாடு 2022-இல் 31 சதவீதம் என்பதைப் பக்கத்தில் வைத்து ‘பாருங்கள், பெரியவர்களே சுறுசுறுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அளவுகோல் நாளுக்கு 60 நிமிடம், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம். இரண்டும் வேறு வேறு தராசு. அது மட்டுமில்லாமல் 2001-லிருந்து 2016 வரை சிறுமிகளிடம் அந்த எண் பெரிதாக மாறவில்லை, சிறுவர்களிடம் சற்றே குறைந்திருக்கிறது. எனவே இதையும் ‘ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிறார்கள்’ என்று எழுத முடியாது. ‘அதிகம் உட்கார்ந்தே வாழ்கிறார்கள், பெரியவர்களும் அப்படித்தான்’ என்பது வரைதான் நான் போனேன்.

எண்கள் எல்லாவற்றையும் கட்டுரையில் கொட்டவில்லை. இரண்டே இரண்டு. தேர்வாளர் நம் எண்ணைச் சரிபார்ப்பதில்லை, சொந்த அனுபவத்தையே உதாரணமாகத் தரலாம் என்று கேள்வியிலேயே இருக்கிறது. ஆனாலும் உண்மை தெரிந்து எழுதும்போது வாக்கியம் தயங்காமல் வருகிறது. ‘ஒரு ஆய்வின்படி 85 சதவீதம்’ என்று கற்பனையாக எழுதச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தவிர்க்க வேண்டியவை, சுருக்கமாக:

- சாக்ரடீஸ் மேற்கோள். இளைஞர்கள் ஆடம்பரத்தை விரும்புகிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை என்று அவர் சொன்னதாகச் சுற்றுகிறதே, அது அவருடையது இல்லை. பண்டைய கிரேக்கத்தில் இருந்த புகார்களைத் தொகுத்து கென்னத் ஜான் ஃபிரீமன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் எழுதி, 1907-இல் வெளியான ஆய்வில் வரும் வரி. நான் போன பயிற்சி வகுப்பின் குறிப்பில்கூட அது சாக்ரடீஸ் பெயரில்தான் இருந்தது. பழைய காலத்துப் புகார் ஒன்று வேண்டுமென்றால் ரோமானியக் கவிஞர் ஹோரஸ் இருக்கிறார். தாத்தாக்களைவிட அப்பாக்கள் மோசம், அவர்களைவிட நாங்கள் மோசம், எங்கள் பிள்ளைகள் இன்னும் மோசமாக இருப்பார்கள் என்று கி.மு. 23 வாக்கிலேயே எழுதிவிட்டார்.
- ‘ஸ்மார்ட் வொர்க்’ என்ற சொல். எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் விளக்குவதில்லை.
- மனப்பாட முன்னுரை. கண்டுபிடித்துவிடுவார்கள்.
- மில்லினியல், ஜென் இசட் என்று பட்டம் சூட்டி, அந்தப் பட்டமே காரணம் என்பதுபோல எழுதுவது.
- பெரியவர்களைக் கிண்டல் செய்யும் தொனி.

ஸ்பீக்கிங் பார்ட் 3-இலும் (தேர்வாளரோடு கலந்து பேசும் பகுதி) இதே கரு வரும் வாய்ப்பு உண்டு. அங்கே கேள்வி வேறு மாதிரித் திரும்பும்: ‘பெரியவர்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது?’ இதற்கு ஒரு நல்ல பதில் கையில் இருக்கட்டும். 2019-இல் புரோட்ஸ்கோ, ஸ்கூலர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கப் பெரியவர்களிடம் செய்த ஆய்வு ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்தது. நிறைய வாசித்தவர்களுக்குத்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை இல்லை என்று அதிகம் தோன்றுகிறது. அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதைப் பெரிதாக நினைப்பவர்களுக்குத்தான் பிள்ளைகள் பெரியவர்களை மதிப்பதில்லை என்று தோன்றுகிறது. நாம் எதில் வலுவாக இருக்கிறோமோ, அதிலேயே இளையவர்களிடம் குறை தெரிகிறது. சின்ன வயதை நினைத்துப் பார்க்கும்போது, இன்றைய நம் குணத்தை அன்றைய நம்மிடமும் நம் நண்பர்களிடமும் ஏற்றிவிடுகிறோம் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இதை ஆய்வின் பெயரோடு ஒப்பிக்க வேண்டாம், அது மனப்பாடமாகவே ஒலிக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை வைத்துச் சொல்லுங்கள். அவர் எதில் கெட்டிக்காரர், எதைப் பற்றி அதிகம் குறைபடுகிறார் என்று தேர்வுக்கு முன்பே ஒருமுறை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து வாக்கியம் தடங்கலில்லாமல் வரும். நடுவே தேர்வாளர் குறுக்கிட்டு, ‘அப்படியானால் வேறுபாடே இல்லை என்கிறீர்களா?’ என்று கேட்டால் உடலியக்க விஷயத்துக்குப் போய்விடுங்கள்.