பாவாடை நாடாவும் ஒரு ரத்தக்குழாயும்

முதலாண்டு எம்பிபிஎஸ்ஸில் என்னை ரொம்பப் படுத்தியது, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்ப் பகுதிக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனியான இன்டர்னல் புடெண்டல் ஆர்ட்டரி. இடுப்புக்குள் ஓடும் பெரிய தமனியான இன்டர்னல் இலியாக்கின் முன்பிரிவில் பிறந்து, பிரிஃபார்மிஸ் தசைக்குக் கீழே கூபகத்தை, அதாவது இடுப்பெலும்புக்கூட்டை, விட்டு வெளியேறி, இடுப்பெலும்பில் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இஸ்கியல் ஸ்பைனைச் சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே நுழையும். ஒப்பிக்கத் தெரியும். வெளியே போனது ஏன் திரும்பி வரவேண்டும் என்பதுதான் புரியவில்லை.

பிறப்புறுப்பும் ஆசனவாயும் உள்ள பெரினியம் பகுதியை அறுத்துப் பார்க்கும் டிசெக்‌ஷன் அன்று ஆசனவாயின் பக்கத்துக் குழியான இஸ்கியோரெக்டல் ஃபோஸா முழுக்கக் கொழுப்பு. அவசரப்பட்டு அள்ளினேன், அந்தத் தமனியிலிருந்து பிரிந்து, கொழுப்பைக் கடந்து ஆசனவாய்க்குப் போகும் இன்ஃபீரியர் ரெக்டல் கிளை என் கையாலேயே அறுந்துவிட்டது. நாங்கள் படிப்பதற்கென்றே உடலைக் கொடுத்தவர் அவர். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

சீனியர் அக்கா கொடுத்த எலும்புகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். தமனி வெளியேற ஒன்று, திரும்பி நுழைய ஒன்று என்று புத்தகம் இரண்டு துவாரம் என்கிறது. எலும்பில் இருப்பதோ இரண்டு வளைவு மட்டும். துவாரமாக்குபவை எலும்புகளை இணைக்கும் நார்ப்பட்டைகளான லிகமெண்டுகள், காய்ந்த எலும்பில் அவை கிடையாது. ஹிப் போனையும் முதுகெலும்பின் அடியிலுள்ள சாக்ரமையும் டேப் போட்டு ஒட்டி, பாவாடை நாடாவை இரண்டாக நறுக்கினேன். ஒன்று சாக்ரமிலிருந்து ஸ்பைனுக்கு, மற்றது நாம் உட்காரும்போது அழுந்துகிற எலும்புக்கு. துவாரங்கள் வந்துவிட்டன. இடுப்புத் தளமாக விரிந்திருக்கும் லெவேட்டர் ஏனை தசைக்குப் பதில் உள்ளே கைக்குட்டையைக் கட்டினேன். சிவப்பு நூலை மேல் துவாரம் வழியாக வெளியே விட்டு, ஸ்பைனைச் சுற்றிக் கீழ்த் துவாரத்தில் நுழைத்தால், நூல் கைக்குட்டைக்கு அடியில் வந்து நின்றது. இடுப்புத் தளத்தைத் துளைக்காமலே அதன் கீழ்ப்பக்கத்துக்கு வந்துசேரும் வழி அது! எவ்வளவு அழகான ஏற்பாடு என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இடப்பக்கம். கத்தியைத் தொடவில்லை; ஃபோர்செப்ஸால் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினேன். ஃபோஸாவின் வெளிச்சுவரில், ஆப்ச்சுரேட்டர் இன்டர்னஸ் தசையை மூடிய உறைக்குள் 1836இல் உடற்கூறியலாளர் ஆல்காக் விவரித்த குழல். பிரித்ததும் தமனி, சிரை, நரம்பு மூன்றும் ஒன்றாகக் கிடந்தன. ரெக்டல் கிளையும் முழுசாகக் கிடைத்தது.

பிறகு ஹவுஸ் சர்ஜனாக லேபர் வார்டில் முதல் புடெண்டல் பிளாக், அதாவது பெரினியம் மரத்துப்போக புடெண்டல் நரம்பருகே போடும் ஊசி. விரல் நுனியில் ஸ்பைன் முள்ளாகத் தட்டுப்பட்டது. நரம்பை ஒட்டியே தமனியும் ஓடுகிற இடம். “இழுத்துப் பாத்துட்டுப் போடும்மா” என்றார் மேடம். சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்தேன். ரத்தம் வரவில்லை; ஊசி தமனிக்குள் இல்லை. மருந்தை ஏற்றினேன்.